செல்ஃப் எடுக்காத பத்மினி

நவம்பர் 11, செவ்வாய்

ஆர்.சி. டிசம்பரோடு முடிகிறது. சொந்த கார் என்றால் முதல் 15 வருடம் தொந்தரவில்லை. அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1985 டிசம்பரில் பதிவான பத்மினி வண்டி, கெடு இந்த வருடம் வந்து நிற்கிறது. வண்டியும் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

தெரு முழுக்க டாக்டர்கள். எதிர்வீட்டு மாமா பேட்டரி என்றார். இஸ்திரி வண்டிக்காரர் செல்ஃப் மோட்டார் என்றார். முனையில் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருக்கும் தம்பி ஸ்கேனரோடு வந்து, டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து அதைச் செருக இடம் தேடினான். 1089 சிசி, நாலு சிலிண்டர், ஒரு கார்பரேட்டர். கம்ப்யூட்டர் என்று ஒன்று இந்த வண்டியில் எங்கேயும் கிடையாது என்றதும், “அப்போ பேட்டரி, செல்ஃப், காயில், கார்பரேட்டர் எல்லாத்தையும் மாத்திடலாம் சார்” என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். “ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு. லைட் அணையுதா, மங்குதா, அப்படியே எரியுதா, அதை மட்டும் சொல்லு.”

அப்படியே எரிந்தது. பேட்டரி தீர்ந்திருந்தால் விளக்கு செத்துப்போயிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 12.5 வோல்ட். சாவியைத் திருப்பும்போதும் 12-க்குக் கீழே இறங்கவில்லை. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நல்ல பேட்டரியே 10 பக்கம் இறங்கும். இறங்கவில்லை என்றால் பெரிய கரண்ட் எதுவும் பேட்டரியை விட்டுக் கிளம்பவில்லை.

அப்போதுதான் சோக் கம்பியில் கை பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் சோக் கம்பி ஏன் சுட வேண்டும்? அப்பாவிடம் சொன்னேன். “எர்த்” என்றார், அவ்வளவுதான்.

எஞ்சின் ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் மாதிரி ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை கரண்டும் பேட்டரிக்குத் திரும்ப அதுதான் வழி. அது கெட்டால், கிடைத்த இடுக்கு வழியாக, சோக் கம்பி வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். விளக்குகளின் எர்த் நேராகப் பாடிக்குப் போவதால் அவை நன்றாக எரியும், நம்மை ஏமாற்றும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்து சாவியைத் திருப்பினேன். அரை வோல்ட் கூட வரக்கூடாத இடத்தில் 8-க்கு மேல் காட்டியது.

பட்டை பச்சை பூத்திருந்தது, போல்ட் தலையில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை முறுக்கினேன். செல்ஃப் படபடவென்று சுற்றியது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று முழுக்க மழை. இன்று மெக்கானிக் பாய் வந்தார். ஃபியட், அம்பாசடர் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியிலிருந்து நடு ஒயரை உருவி, எஞ்சினுக்கு ஒரு நெல்மணி தூரத்தில் பிடித்து, “செல்ஃப் அடி சார்” என்றார். பொறி வந்தது. “மஞ்சளா வருது பாத்தியா? நீலமா, சத்தத்தோட வரணும். இது சிலிண்டர் உள்ள போனா அணைஞ்சிடும்.”

மூடிக்குள் ஈரம் இல்லை. பாயின்ட் இரண்டும் தீய்ந்து, ஒன்றில் மேடு, மற்றதில் பள்ளம். பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சட்டென்று அறுந்தால்தான் 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறும். கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும்போது அதைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது செத்தால் பாயின்டிலேயே பொறி பறந்து தீய்ந்துபோகும், பிளக்குக்கு மிச்சம்தான் போய்ச் சேரும். சுண்டுவிரல் நுனி அளவு உருளை அது, விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது.

நவம்பர் 15, சனி

புதுப்பேட்டை. மழைத் தண்ணீர், கிரீஸ், கழற்றிப் போட்ட கதவுகளுக்கு நடுவே நடக்க வழி தேடிப் போனேன். ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும், ஆனால் பாய் “ஓடின வண்டியில கழட்டினதுதான் வேணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது வரும் புதுக் கண்டென்சர்களில் பாதி பெட்டிக்குள்ளேயே செத்திருக்கும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பழசு ஒன்று, புதுசு ஒன்று, இரண்டும் வாங்கினேன்.

கடைக்காரர் பழைய ஆள். பம்பாயில் பத்மினி டாக்சி ஓடியவரை இந்த வண்டிக்குப் பார்ட்ஸ் கவலையே இல்லை என்றார். அங்கே கடைசி டாக்சி 2023 அக்டோபரில் நின்றுவிட்டது. குர்லா தொழிற்சாலை அதற்கு வெகு முன்பே மூடியாயிற்று. “இனிமே ஒண்ணை உரிச்சுத்தான் ஒண்ணு ஓடணும் சார்.”

நவம்பர் 16, ஞாயிறு

பாயின்ட் புதுசு, இடைவெளி 0.4 மில்லிமீட்டர் பக்கம். பாய் கேஜ் வைக்காமல் உடைந்த ஹாக்சா பிளேடை நுழைத்துப் பார்க்கிறார். கேஜ் வைத்து நான் சரிபார்த்ததில் அவருக்கு லேசான வருத்தம். பழைய கண்டென்சரே போட்டோம். பொறி நீலமாக, ‘சட் சட்’ என்று வந்தது.

வண்டி இருமியது. நின்றது. மறுபடி இருமல்.

கரண்ட் கேள்வி தீர்ந்தது, இனி பெட்ரோல். பாய் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேட்டர் வாயில் ஒரு மூடி பெட்ரோல் விட்டார். (இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அவர் புருவ முடி போன கதை எனக்குத் தெரியும்.) எஞ்சின் உறுமி எழுந்தது, சில நொடி ஓடியது, அடங்கியது. விட்ட பெட்ரோல் இருந்தவரை ஓடியது என்றால், பொறி சரி, கம்ப்ரஷனும் போதும். டாங்கியிலிருந்து மேலே வருவதில்தான் கோளாறு.

இங்கே நின்று யோசித்தால் அந்த ஸ்கேனர் தம்பி மேல் கோபம் வரவில்லை, அவன் முறை மேல்தான் வருகிறது. எர்த், கண்டென்சர், இப்போது பெட்ரோல். மூன்றும் ஒரே நாளில் கெட்டிருக்காது. ஒவ்வொன்றும் மெல்ல நலிந்துகொண்டே வர, வண்டி எப்படியோ சமாளித்து ஓடியிருக்கிறது. நாலு மாதம் சும்மா நின்றதும் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டன. முன்னால் நிற்கும் கோளாறு பின்னால் நிற்பதை மறைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியிருந்தால், நல்ல பேட்டரியையும் நல்ல செல்ஃப் மோட்டாரையும் குப்பையில் போட்டுவிட்டு, எர்த் பட்டையை அப்படியே விட்டிருப்போம்.

காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் ஓஸை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தோம். விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டிய பெட்ரோல் சொட்டியது. பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்பைப் பிரித்தால் டயாஃப்ரம் விறைத்து, ஓரத்தில் முடி போல் வெடிப்பு. பாய் எத்தனாலைத் திட்டினார். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது, காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த டயாஃப்ரத்துக்கு வயதும் ஆகியிருந்தது, பழி முழுவதையும் எத்தனால் மேல் போட முடியாது.

“அப்பல்லாம் வெயில் காலத்துல இந்த பம்ப் மேல ஈரத்துணி சுத்தித்தான் திருப்பதி போவோம்” என்றார் அப்பா. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பம்ப் இழுக்காமல் போகும். இன்றைய சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் முழுக் கதையும் கேட்டோம்.

நவம்பர் 18, செவ்வாய்

பம்ப் கிட் போட்டாயிற்று. ஓஸ் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகம். டாங்கியிலிருந்த பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினோம். சோக்கை இழுத்து சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஐடிலில் கொஞ்சம் குதிக்கிறது. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி ஊத வேண்டும் என்றார் பாய். சார்ஜ் லைட் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால்தான் அணைகிறது, பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் ஹேண்ட் பிரேக்கையும் பார்ப்பார். அது நாளைக்கு.