கடன் நோட்டு சொல்லும் பாடம்



பிளஸ் டூ முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், எங்கள் வணிகவியல் பிரிவில் பாதிப் பேர் "பி.காம்." என்பார்கள். சிலர் "சி.ஏ." என்பார்கள். நான் "பி.காம். படிப்பேன், அப்புறம் மளிகைக் கடை வைப்பேன்" என்பேன். உடனே சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! காரணத்தைச் சொல்கிறேன்.

கணக்குப்பதிவியல் எனக்குப் பிடித்த பாடம். லூகா பேசியோலி 1494-ல் வெனிஸ் நகரில் வெளியிட்ட நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். இன்றும் நாம் அதே பற்று, வரவைத்தான் எழுதுகிறோம். கடனாளிகள் மீது 5% வாரா ஐயக்கடன் ஒதுக்கு போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் யாருடைய கடன் வாராக்கடன் ஆகும் என்று முன்னாடியே எப்படித் தெரிந்துகொள்வது? அது புத்தகத்தில் இல்லை.

எங்கள் அப்பா கோவில்பட்டியில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தார். ஒரு கிலோ சீனியில் ரெண்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் 600 ரூபாய் வராமல் போனால், அதை ஈடுகட்ட 300 கிலோ சீனி விற்க வேண்டும்! மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கடையை மூடிவிட்டோம். கடன் நோட்டு மட்டும் பீரோவில் இருக்கிறது.

அதே பஜாரில் ஓர் அண்ணாச்சி நாற்பது வருஷமாகக் கடை நடத்துகிறார். அவரும் கடன் கொடுக்கிறார். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. வாரச் சம்பளம் வந்ததும் பாக்கியைக் கொடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குச்சி காயாது, வேலை குறையும், கடன் ஏறும். "மழை மாசத்துல கடன் ஏறுனா பயப்படாத தம்பி. வெயில் மாசத்துலயும் இறங்கலைன்னா அப்பதான் யோசிக்கணும்" என்பார் அண்ணாச்சி. புத்தகத்தில் எல்லாரும் 'பற்பல கடனாளிகள்' என்று ஒரே வரியில் வந்துவிடுவார்கள். அண்ணாச்சிக்கோ ஒவ்வொருவர் வீட்டு நிலவரமும் தெரியும்.

பரீட்சை முடிந்ததும் ரெண்டு மாதம் அவர் கடையில் நிற்கக் கேட்டிருக்கிறேன். மனசு நோகாமல் கடன் இல்லை என்று சொல்வது எப்படி? உறவு கெடாமல் பாக்கி கேட்பது எப்படி? தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது? இந்த மூன்றும் அவரிடம் படிக்க ஆசை. "மொதல்ல மூட்டை பிரிக்க, பொட்டலம் மடிக்கப் படி. கல்லாப் பக்கம் அப்புறம் வரலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கும் தயார்!

அம்மாவுக்குத்தான் பயம். "கடை வச்சுப் பட்டது போதும்ப்பா" என்கிறார். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் முதல் போடுவதற்கு முன்னால், தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ள நினைக்கிறேன்.

நண்பர்களே! உங்கள் தெருவிலும் ஒரு தையல்கடைக்காரர், ஒரு கடலைமிட்டாய் வியாபாரி, ஒரு காய்கறிக்கடை அக்கா இருப்பார்கள். இந்த லீவில் போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்லாமலா இருப்பார்கள்?

– மாணவன், பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு