பொறுத்திருந்தால்...

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்கள் 'ஆல்' போடாமல் பேசவே மாட்டார்கள். ராஜா தேசிங்கு ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டியிருந்தால்? சிறு படையோடு பாயாமல் சற்றே பொறுத்திருந்தால்? 1714-ல் இளம் வயதில் மாண்டிருக்க மாட்டான். ராணியும் தீயில் இறங்கியிருக்க மாட்டாள்.

இந்த 'ஆல்' சமாசாரத்துக்கு ஸ்பானிய மொழியிலும் வழி உண்டு, சகோதரிகளே! நாம் நிபந்தனையில் 'ஆல்' ஒட்டுகிறோம். அவர்கள் விளைவில் 'ஈயா' ஒட்டுகிறார்கள். 'ஆப்லார்' என்றால் பேச. 'ஆப்லாரீயா' என்றால், முடிந்தால் பேசுவேன். 'கொமேர்' உண்ண, 'கொமெரீயா' உண்பேன். 'விவிர்' வாழ, 'விவிரீயா' வாழ்வேன். ஒழுங்கான வினைகள் மூன்று வகை, விகுதியோ ஒன்றுதான். முழு வினையையும் வெட்டாமல் வைத்து ஒட்டினால் போதும். நம் சந்தி விதிகளைவிட எவ்வளவோ சாது!

'எஸ்பெரார்' என்ற வினைக்கு இரண்டு பொருள்: காத்திருப்பது, நம்பியிருப்பது. 'எஸ்பெராரீயா' என்றால் காத்திருப்பேன். தேசிங்கின் கதைபோல் முடிந்துபோன காரியமானால், 'ஆப்ரீயா எஸ்பெராதோ' என்று துணைவினை ஒன்று முன்னே வரவேண்டும்: காத்திருந்திருப்பான்.

காத்திருந்தால் பிழைத்திருப்பான், வாஸ்தவம். ஆனால் ஊர் ஊராக அவன் கதையைப் பாடியிருப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.