கிளினிக் சர்வரை க்ளவுடுக்கு மாத்தின கதை (த்ரெட்)

1/ ஸ்ரீரங்கத்தில் எங்க கிளினிக் சர்வர் 2012-லிருந்து மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது. 2023-ல் க்ளவுடுக்கு மாத்தினோம். அதில் ஒரு உயிர் போகத் தெரிந்தது. கிளினிக், கடை, ஆபீஸ் வச்சிருக்கிறவங்க அவசியம் படிங்க.

2/ பயம் ஆரம்பிச்சது 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில். கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அடுத்த சில நாளில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடிச்சிட்டுப் போச்சு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் தரைத்தளத்தில் எங்க சர்வர். ராத்திரியோட ராத்திரியா சிபியூவைத் தூக்கிட்டு மாடி ஏறினேன். பேக்கப் ஹார்ட் டிஸ்க்? அதே மேஜை டிராயரில்!

3/ அப்புறமும் தள்ளிப்போட்டேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கியது. பல நாள் ஓபி, லேப் எல்லாம் கையால் எழுதித்தான் ஓடியது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படின்னா நாம எம்மாத்திரம்?

4/ க்ளவுடுன்னா வேற ஊரில், வேற ஒருத்தர் பராமரிக்கும் சர்வர். அவ்வளவுதான். பழைய சாஃப்ட்வேரை அப்படியே தூக்கி அங்கே வைக்கலாம். இல்லேன்னா புதுசுக்கு மாறி, டேட்டாவை மட்டும் கொண்டு போகலாம். நாங்க செஞ்சது ரெண்டாவது.

5/ ஞாயித்துக்கிழமை மாத்தினோம். பழசில் எத்தனை நோயாளிகளோ, புதுசிலும் அத்தனை பேர். திருப்தி. திங்கள் காலை ஒரு பெரியவர் கால் புண்ணோடு வந்தார். திரையில் அலர்ஜி கட்டம் காலி. அமாக்சிசிலின் சேர்ந்த மாத்திரை எழுதினேன்.

6/ மருந்து எடுத்துக் கொடுக்கிற அக்கா சீட்டோட திரும்பி வந்தாங்க. "டாக்டர், இவருக்கு பென்சிலின் ஆகாதே! அன்னைக்கு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி ஜிஎச்சுக்கு அனுப்பினோமே?" அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பம்தான். எனக்குக் கை நடுங்கிடுச்சு.

7/ பழைய சாஃப்ட்வேரில் அலர்ஜிக்குன்னு தனிக் கட்டம் கிடையாது. 'குறிப்பு'ன்னு ஒரு மூலையில் தட்டி வைப்போம். அந்த மூலை மட்டும் வரலை. மாத்திக் கொடுத்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அதில் என்ன இருக்குன்னு நான் அவருக்குச் சொல்லவே இல்லையே.

8/ பழைய சர்வரை அழிக்காம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. குறிப்புகளை எல்லாம் கொண்டு வந்தோம். இப்போ காலிக் கட்டத்தில் 'கேட்கவில்லை'ன்னு வரும். நோயாளிகிட்ட கேட்ட பிறகுதான் 'இல்லை'.

9/ நான் கத்துக்கிட்டது:
🔹 எண்ணிக்கை சரியா இருந்தா போதாது. ஒரு 50 பேரோட பதிவைப் பழசையும் புதுசையும் பக்கத்தில் வச்சு வரிவரியா ஒப்பிடுங்க.
🔹 தினமும் தட்டுறவங்களை உட்கார வச்சு, எந்தக் கட்டத்தில் எதை எழுதுறாங்கன்னு கேளுங்க.
🔹 பேக்கப்பைத் திரும்ப ஏத்திப் பாருங்க.
🔹 நெட் படுத்தா என்ன செய்வீங்க? வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எங்களுக்கு அதுவும் நடந்தது. இப்போ ரெண்டு நெட் கனெக்ஷன். அன்றைய நோயாளிகள் லிஸ்ட் காலையிலேயே பிரிண்ட்.

10/ கிளினிக் வைக்காதவங்களுக்கும் ஒண்ணு. எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காதோ, அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வச்சுக்கோங்க. டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. எல்லா இடத்திலும் அந்த அக்கா இருக்க மாட்டாங்க 🙏