இரவுக் கோடு

சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இரவு என்பது அச்சத்தோடு கழிகின்ற நேரம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் உம்மாவின் மேற்கையில் மருத்துவர் ஒரு சென்சாரைப் பொருத்தினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவு கைப்பேசியில் கோடாக விரிகிறது. அந்தக் கோட்டைப் படிக்கக் கற்பது தனியொரு பாடம்.

ஓரிரவு 2 மணிக்கு எச்சரிக்கை ஒலித்தது. அளவு 58. உம்மாவோ சென்சார் உள்ள கையை அழுத்தியபடி அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 112! சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் திசுக்களுக்கிடையே உள்ள நீரையே அளக்கிறது. உடலின் பாரம் அழுத்தினால் கோடு திடீரெனப் பள்ளத்தில் விழும். புரண்டு படுத்தால் தானே மேலேறிவிடும்.

மற்றோர் இரவு 11 மணி முதலே கோடு மெல்ல மெல்ல இறங்கி, 3 மணிக்கு 64-ஐத் தொட்டது. உம்மாவின் மேனி வியர்த்திருந்தது. விரலிலும் 61. அது மெய்யான தாழ்வு. உடனே 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தோம். பின்னர் மருத்துவர் இரவு இன்சுலினைக் குறைத்தார்.

இவற்றினும் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. காலையில் வெறும் வயிற்றில் அளவு கூடியிருக்கும்போதெல்லாம், "இரவில் எதையோ ஒளித்துத் தின்றிருக்கிறீர்கள்" என்று காக்கா கடிந்துகொள்வார். உம்மா மறுத்தும் எவரும் நம்பவில்லை. கோடு உண்மையைச் சொன்னது. நள்ளிரவு முதல் 4 மணி வரை 120-ஐ ஒட்டிச் சமமாகச் சென்ற கோடு, சுப்ஹு நேரத்தில் 165-க்கு ஏறியிருந்தது. அவ்வேளையில் உம்மா ஒரு கவளமும் உண்ணவில்லை. விடியலை ஒட்டிக் கார்ட்டிசால் போன்ற இயக்குநீர்கள் சுரக்க, ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடுகிறது. போதிய இன்சுலின் இல்லாத உடலில் அது தேங்கிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். காக்கா அன்று உம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சகோதரிகளே! ஓர் எண்ணை மட்டும் கண்டு கலங்காதீர்கள். கோட்டின் போக்கையும் படுத்திருப்பவரின் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஐயமிருந்தால் விரலில் சோதியுங்கள். வியர்வையோ நடுக்கமோ தடுமாற்றமோ கண்டால் தாமதியாதீர்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாது மருத்துவமனைக்கு விரையுங்கள். இன்சுலின் அளவை மருத்துவரிடமே விடுங்கள். நோயாளியைக் குற்றவாளியாக்கும் முன், அவருடைய இரவு முழுவதையும் படியுங்கள்.