கடைசிப் பக்கத்துக் கேள்வி

பிப்ரவரி பிறந்தால் நியூஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியைக் காகிதங்கள் பிடித்துக்கொள்ளும். அலுவலகம் தந்த டபிள்யூ-2, வங்கிகள் அனுப்பிய 1099கள், வீட்டுக் கடன் வட்டிச் சான்று, நடுவில் மடிக்கணினி. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வரிக்கணக்கை நானேதான் போடுகிறேன். அது தெரிந்த நண்பர்கள், "அண்ணா, டர்போடாக்ஸ் வாங்கலாமா, எச் அண்ட் ஆர் பிளாக் வாங்கலாமா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் விலையைச் சொல்வேன். இப்போது பதிலுக்கு நான் கேட்கிறேன்: "ஊர்ல உங்க பேர்ல எத்தனை அக்கவுண்ட் இருக்கு?"

விலை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே வரிக்கணக்கு மென்பொருள்கள். இரண்டுக்கும் கணினியில் நிறுவும் பதிப்பும் இணையத்தில் நிரப்பும் பதிப்பும் உண்டு. நிறுவும் பதிப்பை ஒரு முறை வாங்கினால் ஐந்து மத்திய வரிக்கணக்குகள் வரை மின்வழியில் அனுப்பலாம். பிள்ளைகள் இருவரும் சம்பாதிக்கத் தொடங்கிய பின் எங்களுக்கு அது நல்ல மிச்சம். இணையப் பதிப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பணம். போன வருடம் டர்போடாக்ஸில் போட்ட கணக்கை பிளாக் திறந்து படித்துக்கொள்ளும் என்பதால் மாறுவதும் சிரமமில்லை. 2025ஆம் ஆண்டுக் கணக்குக்கான டர்போடாக்ஸ் நிறுவும் பதிப்புக்கு, விண்டோஸ் கணினியானால், விண்டோஸ் 11 வேண்டும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மட்டும் இயங்கும் ஃப்ரீடாக்ஸ்யுஎஸ்ஏ மத்திய கணக்குக்குப் பணம் வாங்குவதில்லை. வரித்துறையே நடத்திய டைரக்ட் ஃபைல் 2024இல் 12 மாநிலங்களில் தொடங்கி, 2025இல் எங்கள் நியூஜெர்சி உட்பட 25 மாநிலங்களுக்குப் பரவி, அதோடு நிறுத்தப்பட்டது. அதை நிறுத்தியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

கூட்டல் கழித்தலில் இவற்றுக்குள் வேறுபாடு இல்லை. ஒரே விவரங்களைக் கொடுத்தால் ஒரே வரிதான் வரும். வேறுபாடெல்லாம் எதைக் கேட்கிறது, எப்போது கேட்கிறது என்பதில்தான். எல்லாமே நம்மைப் பேட்டி எடுப்பதுபோல நடக்கின்றன: கல்யாணம் ஆயிற்றா, குழந்தைகள் எத்தனை, வீடு வாங்கினீர்களா. பதில் சொல்லச் சொல்ல, திரையின் மேலே ரீஃபண்ட் தொகை ஏறும், இறங்கும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடும் பழக்கம் எனக்கும் இருந்தது.

அந்தப் பழக்கத்தில்தான் தவறு நடந்தது. நான் அப்போது வைத்திருந்த மென்பொருளில், வெளிநாட்டு வங்கிக் கணக்கு உண்டா என்ற கேள்வி கடைசியில், பலருக்கும் தேவைப்படாதவை என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அந்தப் பகுதியை ஆண்டுதோறும் திறக்காமலே கடந்தேன். கும்பகோணத்தில் எனக்கு, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்பு இருந்தது. அதன் வட்டிக்கு வரி இல்லை என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். அது உண்மை, ஆனால் இந்தியாவில் மட்டும். இங்கே கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு உலகத்தில் எங்கு வட்டி வந்தாலும் அது வருமானம்தான். அப்பா தன் சேமிப்புக் கணக்கில் என் பெயரையும் சேர்த்து வைத்திருந்தார். தனக்கு ஏதாவது ஆனால் அம்மா வங்கிக்கு அலையக் கூடாது என்பதற்காக. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் தொட்டதில்லை. ஆனாலும் என் பெயர் இருப்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்-பார் என்ற அறிக்கை தர வேண்டும். அது வரிப் படிவத்தோடு போவதில்லை. கருவூலத் துறையின் வேறொரு தளத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

2016இல் இதெல்லாம் தெரிந்தபோது மூன்று வருடக் கணக்குகளைத் திருத்தினேன், ஆறு வருட எஃப்-பார்களைப் பதிந்தேன். தெரியாமல் விட்டவர்களுக்கான திட்டத்தில், ஆண்டிறுதி இருப்புகளில் உச்சமானதற்கு 5 சதவீதம் அபராதம். கட்டினேன். பணத்தைவிட, ஆறு வருடமாக ஓர் அரசாங்கத்திடம் உண்மையல்லாத பதில் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

மாணவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. அக்கா மகன் டல்லாஸில் எம்.எஸ். படிக்க வந்த முதல் வருடம், "மாமா, ஆயிரம் டாலருக்கு மேல ரீஃபண்ட் காட்டுது!" என்று கூப்பிட்டான். அனுப்பாதே என்றேன். எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக்கு வெளிநாட்டவர்கள். அவர்கள் நிரப்ப வேண்டியது 1040-என்.ஆர். படிவம். அவன் கையில் இருந்ததோ 1040 மட்டும் தயாரிக்கும் மென்பொருள். அவனுக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையை அது கணக்கில் சேர்த்திருந்தது. ஸ்பிரின்டாக்ஸில் புதிதாகப் போட்டோம். இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு ஒரு நன்மை தருகிறது: உள்நாட்டவர் பெறும் நிலையான கழிவை அவர்களும் பெறலாம். ரீஃபண்ட் குறைந்தது. ஆனால் அது அவனுடைய பணம்.

இப்போது நான் நிறுவும் பதிப்பைத்தான் வாங்குகிறேன். பேட்டியை விட்டு வெளியே வந்து படிவங்களையே திறந்து பார்க்க அதில் வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குக் கேள்வி இருக்கும் ஷெட்யூல் பி-யின் கடைசிப் பகுதியைத்தான் முதலில் பார்க்கிறேன். ஊரில் மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களுக்கு வேண்டிய 8621 படிவம் நான் வாங்கிய எதிலும் இருந்ததில்லை. அவர்கள் கணக்காளரிடம் போவதே நல்லது.

கணக்குப் போட உட்காருமுன் அம்மாவுக்கு ஒரு போன். ஊர் வங்கி தரும் வட்டிச் சான்று ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. இங்கே வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் அம்மா பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எழுதிக்கோடா தம்பி, மார்ச்சு முப்பத்தொண்ணு..." என்று ஒவ்வொரு வரியாக வாசிப்பார். நான் எழுதிக்கொள்வேன். அப்பா போன பிறகும் அந்தக் கணக்கில் என் பெயர் இருக்கிறது, அம்மா பெயரோடு.

இதைப் படிக்கும் நீங்கள் அமெரிக்காவில் இருந்தால், அல்லது உங்கள் பிள்ளை அங்கே இருந்தால், மென்பொருள் வாங்கும் முன் ஊரில் எந்தெந்தக் கணக்கில் யார் யார் பெயர் சேர்ந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எஃப்-பாருக்கும் ஏப்ரல் 15தான் கெடு. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே நீளும். அதைப் பதியக் கட்டணம் எதுவும் இல்லை.