ஹெரால்டுக்குக் குளிர்ந்த காற்று

1961இல் மெட்ராஸில் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், 1962இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். தொல்லையும் ஒன்றுதான்: கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இஞ்சினின் ஒரே பக்கம்.

சிதறால் மலையடிவாரத்தில் சித்தப்பா வண்டியை நிறுத்தி, மட்கார்டோடு முன்னால் சாயும் அந்த அழகான பானெட்டைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றைத்தான் பாவம், இஞ்சின் இழுக்கிறது. 3 டிகிரி கூடினாலே காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும்.

ரேடியேட்டர் ஓரத்திலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ், மேனிஃபோல்டுக்கு மேல் அலுமினியத் தகடு. அவ்வளவுதான் செய்தோம். ஏற்றத்தில் இழுவை நன்றாகவே தெரிகிறது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களே, கார்புரேட்டரை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள். நம்மூர் மழைக்கு ஹோஸின் வாயை மட்டும் தாழ்வாக வைத்துவிடாதீர்கள்.