அண்ணன் தம்பி மூவரும் பெயரில்லாத பெண்களும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே சுகமாக வந்த பேருந்து, கோமுகி அணையைத் தாண்டியதும் முனகத் தொடங்கிவிட்டது. பெரியார் அருவியில் குளிக்க வந்த கூட்டம் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது. எனக்கு வெள்ளிமலை வரை போக வேண்டியிருந்தது. கேட்கவேண்டிய கதை அங்கேதான் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பூர்வீகம் எது என்றேன். "நாங்க காஞ்சிபுரத்து ஆளுங்க சார்" என்றார், நேற்றுத்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் போல.

கல்வராயன் மலையின் குடிகள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேச்சு தமிழ், பெயருக்குப் பின்னால் கவுண்டர் பட்டம். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது என்று பக்கத்து மலைகளிலும் இவர்கள் இருக்கிறார்கள். காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரிராமன் என்ற சாமி கிளம்பிவிட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் பின்னாலேயே வந்தார்களாம். மூத்தவருக்குச் சேர்வராயன், நடுவருக்குப் பச்சைமலை, இளையவருக்குக் கொல்லிமலை என்று பெரியவர் பாகம் பிரித்துக் கொடுத்தார். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் இளையவர் மஞ்சவாடிக்குப் போகிறார். அப்படியானால் கல்வராயனுக்கு வந்தது யார்? "எல்லாம் அவங்க வாரிசுதான்" என்று டீயை உறிஞ்சினார். பாகப்பிரிவினையில் இப்படி ஒரு தாராளத்தைக் கீழ்நாட்டில் நான் பார்த்ததில்லை.

ஜவ்வாது மலைக்காரர்கள் சொல்வதாகத் தர்ஸ்டன் குறித்துவைத்திருக்கும் கதை இதைவிடச் சுவையானது. காஞ்சிபுரத்து வேளாளரிடம் வேடர்கள் பெண் கேட்க, அவர்கள் ஏளனமாக மறுக்க, வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மீட்க ஏழு பேர் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் எங்களுக்குக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றிலிருந்து திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஆண்கள் ஊர் வந்தபோது கருமாதி முடிந்திருந்தது, மனைவிமார் தாலியறுத்திருந்தார்கள். செத்தவர்களாகிவிட்டவர்களை ஊர் சேர்க்கவில்லை. வேடர் பெண்களையே கட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஐஸ்லாந்து ஞாபகம் வந்தது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் அங்கே கப்பலேறிப் போய்க் குடியேறிய 400-க்கும் மேற்பட்டவர்களை 'லாண்ட்நாமபோக்' என்ற பழைய நூல் பெயர் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி, பிடித்த நிலத்தையும் சொல்லிப் பதிந்திருக்கிறது. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் நார்வேக்காரர்கள். மரபணு ஆய்வாளர்கள் பார்த்தபோது, தாய்வழி பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் போய் நின்றது. கல்வராயன் பக்கத்தில் அந்தச் செலவு தேவையில்லை. தாய்மார் வேறு குடி என்று ஜவ்வாதுக் கதையே ஒப்புக்கொள்கிறது. ஒரே குறை, அண்ணன் தம்பிகளுக்கு இருக்கும் பெயர் அந்தப் பெண்களுக்கு இல்லை.

காஞ்சிக் கதை நடந்ததா, மேட்டுக்குடி மதிப்புக்காகக் கட்டிக்கொண்டதா என்று வாதாடலாம். நான் பாதிக்குப் பாதி நம்புகிறேன். ஏர், கரிராமன், காராளர் (வேளாளர்) என்ற பெருமை எல்லாம் சமவெளியிலிருந்து ஏறியிருக்கலாம். கடுக்காய் எப்போது உதிரும், எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தச் சரிவில் சாமை பிடிக்கும் என்பதெல்லாம் காஞ்சியிலிருந்து மூட்டை கட்டி வந்திருக்க முடியாது. ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

களத்தில் சாமை உலர்த்திக்கொண்டிருந்த ஆயாவிடம் காட்டைப் பற்றி யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன்.

"எங்க ஆயா. அதுக்கு அதோட ஆயா."

"அவங்களும் காஞ்சிபுரமா?"

"அது ஆம்பளைங்க கதை கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கோழியை விரட்டப் போனார்.

மூன்று என்ற எண் இந்த மலையை விடவில்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் இதைப் பங்கிட்டு ஆண்டார்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது அவர்கள் தரப்பு. கீழே 1947-இல் கொடியேற்றிய பிறகும் மேலே ஜாகீர் வரி ஓயவில்லை. அரசு மலையைக் கையில் எடுத்துக்கொண்டது 1976 ஜூன் 25-இல்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி இப்போது சாமைக் காட்டைப் பிடித்துக்கொண்டு சேலத்து சேகோ ஆலைகளுக்கு லாரியேறுகிறது. அதுவும் ஒரு குடியேறிதான், அதற்கென்று ஒரு அண்ணன் தம்பிக் கதையை இன்னும் யாரும் கட்டவில்லை.

இன்று வெள்ளிமலையிலிருந்து இறங்குகிறவர்களும் நிறையப் பேர். மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பி பறிக்கக் குடகுக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். இந்தப் பயணத்தில் பெண்களின் பெயர் பதிவாகிறது. ஆயாவின் மருமகள் பெயர் மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது, பக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ் தொகையோடு.